கேஸ் என்று எழுதிய கை

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூச்சமில்லை, ஏனென்றால் இருபத்தாறு வருஷம் ஓர் அலுவலகமே அதைச் சொன்னது. அந்த அழகான கையெழுத்தில் ஒரே ஒரு சொல்லை எட்டு வருஷம் திரும்பத் திரும்ப எழுதி, ஒரு பெண்ணின் உடம்பைக் கெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. மருந்து மேசையில் உட்காரப் போகிற பெண்களே, உங்களிடம் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஊசி போடுவதையும் கட்டுப் போடுவதையும் யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். இதை என்னிடம்தான் கேட்க வேண்டும்.

கல்கத்தாவில் அலிப்பூர் பக்கம் ஓர் அரசு நிறுவனத்தின் அலுவலகம். தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், இரண்டு அறை கொண்ட மருந்தகம். டாக்டர் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை இருப்பார். மற்ற நேரமெல்லாம் நான். தாளில் என் பதவி உதவியாளர். வாயால் எல்லோருக்கும் நான் திதி, அதாவது அக்கா. கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்து, பத்தாவதில் தோற்று, கல்யாணமாகிக் காளிகாட் சந்து ஒன்றுக்கு வந்து சேர்ந்தவள் நான். எந்த நர்ஸ் பள்ளிக்கும் என்னை யாரும் அனுப்பவில்லை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை அகராதி வைத்துக்கொண்டு படித்துப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. சனங்கள் சொல்லும் சொலவடை எதைக் கேட்டாலும் நோட்டில் எழுதிக்கொள்வேன். தமிழில் ஒரு நோட்டு, வங்காளத்தில் ஒரு நோட்டு. ஊசிக்குப் பயந்து அழுகிறவர்களிடம் அதிலிருந்து ஒன்றை எடுத்து விடுவேன், சிரித்துவிடுவார்கள். பேச்சே பாதி மருந்து என்று நம்பிக்கொண்டிருந்தேன். மீதிப் பாதி என்ன ஆகிறது என்று யோசிக்கவில்லை.

நடந்ததற்கு வருகிறேன்.

எங்கள் மருந்தகத்துக்கு வருகிறவர்களுக்கு அரைத்தாள் அளவில் ஒரு சீட்டு உண்டு. பெயர், பிரிவு, என்ன தொல்லை, டாக்டர் சொன்னது. முதல் மூன்றையும் நான் நிரப்பி அனுப்ப வேண்டும். சின்னத் தொல்லை என்றால் டாக்டர் பார்க்காமலே அந்தச் சீட்டு செல்லும். ஒரு நகல் என் அலமாரிக்கு. இன்னொரு நகல் விடுப்பு விண்ணப்பத்தோடு மாடியில் இருக்கும் விடுப்புப் பிரிவுக்கு. அங்கே தலைமைக் குமாஸ்தா உட்கார்ந்திருப்பார். பொரோபாபு, பெரிய பாபு, என்பார்கள். கெட்டவர் இல்லை, வெற்றிலை போட்டுக்கொண்டு நாலு பேரைச் சிரிக்க வைக்கிற ஆசாமி. வந்த சீட்டை உரக்கப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மிதாலி என்று ஒரு டைப்பிஸ்ட் பெண் இருந்தாள். ஒருநாள் அவள் சீட்டில் மாதவிடாய் வலி என்று ஒளிக்காமல் எழுதி அனுப்பினேன். பொரோபாபு வழக்கம்போல் உரக்கப் படித்தார். ஹால் முழுக்கச் சிரிப்பு. ஒருவன், “அப்படின்னா எனக்கும் மாசம் ரெண்டு நாள் குடுங்க பொரோபாபு, என் வீட்டுக்காரிக்கும் வருதே” என்றானாம். மிதாலி அன்று சாப்பிடவில்லை. மத்தியானம் என்னிடம் வந்து கதவுக்குள் பாதி, வெளியே பாதியாக நின்றாள்.

“திதி, அதை எழுதாம இருக்க முடியாதா?”

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மறுநாள் வழி கிடைத்தது. கேஸ்.

கல்கத்தாவில் வாயுத்தொல்லை இல்லாத மனிதன் பிறக்கவில்லை. காலையில் கச்சோரி, சாயங்காலம் எண்ணெய்ப் பலகாரம், நடுவில் எல்லாம் அதைப் பற்றிய பேச்சு. டிராமில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் வயிற்றை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். அந்த ஊரில் கேஸ் என்று எழுதினால் பொரோபாபு தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார். அவருக்கே இருக்கிறதே.

அன்றிலிருந்து அலுவலகத்துப் பெண்களுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம். அவர்கள் சொல்ல மாட்டார்கள், நான் கேட்க மாட்டேன். வயிற்றில் இரண்டு விரலை வைத்து, “கேஸ், திதி” என்றால் போதும். மாத்திரை, வெந்நீர்ப் பை, அரை மணி நேரம் பெஞ்சில் படுக்கை. துர்கா பூஜைக்குச் சந்தேஷ் என்ற பால் இனிப்பு கொண்டுவந்து கொடுப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு பெருமை. மறைத்து வைத்த பூசணிக்காய் சோற்றுக்குள்ளேயே அழுகும் என்பதைச் சொலவடை சொன்னவன் சொல்லாமல் விட்டுவிட்டான்.

சுகந்தி தொண்ணூற்று மூன்றில் ஸ்டெனோவாக வந்தாள். இருபத்திரண்டு வயது. எங்களைப் போலவே ரயில்வே குடும்பம், கல்கத்தாவிலேயே பிறந்தவள். தமிழைவிட வங்காளம் சரளம். மழைக்காலத்தில் ஒருநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். உதடு வெளுத்திருந்தது, நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

“அக்கா, நீங்க தமிழாமே. சொன்னாங்க.”

பெஞ்சில் படுக்க வைத்து, பையைத் துண்டில் சுற்றி வயிற்றில் வைத்தேன். காலை மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“எப்பவுமே இப்படித்தானா?”

“பதினாலு வயசுலேருந்து. ஸ்கூல் ப்ரேயர்ல விழுந்திருக்கேன். எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு இப்படித்தான்னு அம்மா சொல்லுவா.”

“அப்போ பயப்படாதே. கல்யாணம் ஆனா தானா சரியாயிடும்.”

“டாக்டர்கிட்ட சொல்லட்டுமா அக்கா?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை அவள் முதல் நாளே கேட்டாள். இதை நான் மறந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“அவர் வயசான ஆம்பளை. அவர்கிட்ட என்னத்தைடி சொல்லுவே? விடு, நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டேன். சீட்டை எடுத்துக் கேஸ் என்று எழுதினேன்.

மாதம் தவறாமல் வந்தாள். முதலில் அரை நாள், பிறகு ஒரு நாள், பிறகு இரண்டு நாள் விடுப்பு. ஒரு மாத்திரை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. மருந்தகத்தைக் கூட்டிப் பெருக்கும் ஜமுனா மாஷி ஒருநாள் அவளைப் பார்த்துவிட்டு, “பொம்பளை உயிர் கொய் மீன் உயிர், திதி. அத்தனை சுலபமா போகாது” என்றாள். கொய் என்றால் நம் ஊர்ப் பனையேறிக் கெண்டை. கரையில் எடுத்துப் போட்டாலும் நெடுநேரம் துடித்துக்கொண்டு கிடக்கும். நன்றாக இருக்கிறதே என்று அன்றைக்கே நோட்டில் எழுதிக்கொண்டேன். பெஞ்சில் ஒருத்தி துடித்துக்கொண்டிருக்கும்போது மேசையில் நான் சொலவடை எழுதிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றாறில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டார் கரியாஹாட்டில் அப்பளம், காப்பித்தூள், இட்லி அரிசி விற்கும் தென்னிந்திய மளிகைக் கடைக்காரர்கள். நல்ல பையன். கல்யாணம் ஆனால் சரியாகும் என்றேனே, ஆகவில்லை. கூடிற்று.

“நாள் இல்லாத நாள்லயும் வலிக்குது அக்கா. வெளிக்குப் போகும்போது உள்ளே கத்தி வச்ச மாதிரி இருக்கு. அவரோட இருக்கறதும்...” என்று நிறுத்தி, சேலை நுனியைச் சுருட்டினாள். “அதுவும் முடியலை.”

“புதுசுல அப்படித்தான். ஒண்ணு பெத்துட்டா எல்லாம் சரியாயிடும்.”

கவனியுங்கள். அவள் பிறகு பெயர் தெரிந்த ஒரு நோயின் அடையாளங்களை ஒவ்வொன்றாக எடுத்து என் மேசைமேல் வைத்தாள். ஒரு டாக்டர் காதில் விழுந்திருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். என் காதில் விழுந்தது, நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். ஆறுதலைப் போலச் சுலபமாக வாயை மூட வைப்பது வேறு ஒன்றும் இல்லை.

பிள்ளை உண்டாகவில்லை. “மாசத்துல பத்து நாள் படுக்கிறவளுக்கு வயிறு எப்படித் திறக்கும்?” என்று மாமியார் கடையில் சாமான் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாளாம். அந்த வாடிக்கையாளர்களில் நானும் ஒருத்தி. அப்பளக் கட்டை வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் வந்தேன்.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள் வலி பொறுக்க முடியாமல் டாக்டர் இருக்கும் நேரத்திலேயே வந்துவிட்டாள். டாக்டர் அவளுடைய பழைய சீட்டுகளைக் கேட்டார். கொடுத்தேன். கட்டு கனமாக இருந்தது. விரலை நனைத்துப் புரட்டினார்.

“கேஸ். கேஸ். கேஸ். அஞ்சு வருஷமா கேஸ். இது வெறும் கேஸ் இல்லை, குடல் புண்ணா இருக்கணும்.” பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதப் பேனாவைத் திறந்தவர் என் பக்கம் திரும்பினார். “எல்லாம் கேஸ்தானா, திதி?”

அந்த நேரத்தில் அறை எப்படி இருந்தது என்று சொல்கிறேன். கதவு திறந்திருந்தது. வாசலில் விடுப்புப் பிரிவின் பியூன் கோப்போடு நின்றான். ரத்த அழுத்தம் பார்க்க இரண்டு ஆண்கள் நாற்காலியில் இருந்தார்கள். சுகந்தி ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து என்னையே பார்த்தாள். நான் இருந்த இடத்துக்கும் கதவுக்கும் மூன்றடி. எழுந்து மூன்றடி நடந்து கதவைச் சாத்தி, “ஒரு நிமிஷம் டாக்டர்பாபு, ஒண்ணு சொல்லணும்” என்றிருக்கலாம். சொன்னால் என் பெண்கள் எல்லோருடைய சீட்டும் பொய் என்று ஆகிவிடும். பியூன் மாடிக்குப் போய்ச் சொல்வான். பொரோபாபு எல்லாச் சீட்டையும் மறுபடி எடுத்துப் படிப்பார். இத்தனையும் ஒரு மூச்சுக்குள் என் மண்டையில் ஓடிற்று.

“ஆமா பாபு. கேஸ்தான்.”

சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். மானம் தப்பியது என்ற நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்த்தார்கள், புண் இல்லை. வலி வலப்பக்கம் அடிவயிற்றில் என்றாள், கையில் ஐந்து வருஷமாகக் கேஸ் என்ற கடிதம் இருந்தது. குடல்வாலாக இருக்கும் என்று அறுத்து எடுத்தார்கள். வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். தலையணையில் சாய்ந்து, தையலைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்.

“அது நல்லாத்தான் இருந்துச்சாம் அக்கா. ஆனாலும் எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும்னு சொன்னாங்க.”

அடுத்த மாதம், கணக்காக அந்த நாள் வந்ததும், தையல் தழும்போடு அதே பெஞ்சில் கிடந்தாள். நான் சீட்டை எடுத்தேன். கை தானாகப் போயிற்று. பழக்கத்துக்குக் கண் கிடையாது.

இரண்டாயிரத்து ஒன்றில் அவள் பதவி உயர்வுக்கான முறை வந்தது. உயர்வுக்குப் பதில் மெமோ வந்தது. அடிக்கடி வராமல் இருப்பவர், அற்பக் காரணம் காட்டி விடுப்பு எடுப்பவர், விசாரணைக்கு வர வேண்டும். பொரோபாபு என்னிடமே வந்து சொன்னார்.

“கேஸுக்கு மாசம் ரெண்டு நாள் லீவா, திதி? அப்போ கல்கத்தாவையே இழுத்துச் சாத்திடணும்.”

நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அந்த வருஷம் பூஜை முடிந்ததும் எங்கள் டாக்டர் கண் அறுவைக்காக ஒரு மாதம் விடுப்பில் போனார். அவர் இடத்துக்கு ஒரு பெண் டாக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நூல் சேலை, தோளில் துணிப்பை. அவருடைய பெயரை நான் எங்கும் சொல்வதில்லை. என் வாயால் புகழப்படுவதை அவர் விரும்புவார் என்று எனக்குத் தோன்றவில்லை. வந்த மூன்றாம் நாள் சுகந்தி பெஞ்சில் கிடப்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. முதலில் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மூன்றடி.

“எங்கே வலி? எப்போ வரும்? எத்தனை நாளைக்கு ஒருதரம்?”

சுகந்தி என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்பதுபோல் பார்த்தாள். ஒரு பெண் தன் வயிற்று வலியைச் சொல்ல என் முகத்தைப் பார்க்கும்படி அவளைப் பழக்கி வைத்திருந்தேன்.

டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். “அவங்களைப் பார்க்காதே. என்னைப் பார்த்துச் சொல்லு.”

சொன்னாள். வங்காளத்தில்தான் சொன்னாள், வேகமாக. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பதினாலு வயசிலிருந்து அன்றுவரை அத்தனையும் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் அடங்கிவிட்டது. கேட்க ஆள் இல்லாததுதான் குறை.

பிறகு டாக்டர் சீட்டுகளைக் கேட்டார். கட்டு இப்போது இரண்டாகியிருந்தது. அவர் தொல்லை என்ற இடத்தைப் படிக்கவே இல்லை. தேதியை மட்டும் படித்தார். சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி மேசையில் விரித்து, சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். இருபத்தாறு நாள். இருபத்தேழு. இருபத்தாறு. மறுபடி இருபத்தாறு. அந்த வருஷம் முழுவதும் வட்டம் மாதத்துக்கு மாதம் சில நாள் முந்தி, படி வைத்ததுபோல் இறங்கி வந்தது.

“கேஸுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியுமா?” என்றார், யாரையும் பார்க்காமல்.

பிறகு ஒரு சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். “இது யார் கையெழுத்து?”

“என்னோடது டாக்டர்.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

“நல்ல கையெழுத்து.”

வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எத்தனையோ பேர் சொன்ன வார்த்தைதான். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் அழுது தீர்த்திருப்பேன். இதை அழுது தீர்க்க முடியவில்லை.

வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு, குழாய் வழியாக உள்ளே பார்க்கும் அறுவைக்கு ஏற்பாடு செய்தார். டிசம்பரில் நடந்தது. நோய்க்குப் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் இருக்கும் சவ்வைப் போன்ற ஒன்று கருப்பைக்கு வெளியே, சூலகத்தின்மேல், குடலின்மேல், கண்ட இடத்தில் ஒட்டி வளர்கிறது. மாதம் ஒருமுறை அதுவும் கசிகிறது, வெளியே வர வழியில்லை. உள்ளேயே புண்ணாகி, ஒன்றோடு ஒன்றைப் பசைபோல் ஒட்டிவிடுகிறது. சுகந்திக்கு இடது சூலகத்தில் பழுப்பு ரத்தம் கட்டிய பை, எலுமிச்சையைவிடப் பெரிது. அந்தச் சூலகத்தை எடுத்துவிட்டார்கள். மற்றது குடலோடு ஒட்டியிருந்தது, பிரித்துவிட்டார்கள். பிள்ளைக்கு வாய்ப்பு இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது என்றும் யாரும் சொல்லவில்லை. சில வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தபோது டாக்டர், “அதை உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா வலிக்காவது மருந்து கிடைச்சிருக்கும்” என்றார்.

சுகந்தி மயக்கம் தெளிந்து கிடந்தாள். நான் பக்கத்தில் போனதும் மெல்லச் சிரித்தாள்.

“பேரு இருக்கு அக்கா இதுக்கு.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “நான் நடிக்கலை. பேரு இருக்கு.”

அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி மாமியாரிடம் காட்டச் சொல்லிக் கணவனை அனுப்பினாள். அவன் போனான். அந்த அம்மாள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இங்கிலீஷ்ல எழுதினா இல்லாத வியாதியும் வந்துடும்” என்றாளாம்.

பெயர் கிடைத்தால் வியாதி போய்விடும் என்று நினைக்காதீர்கள். மாதவிலக்கை நிறுத்தி வைக்க ஊசி போட்டார்கள், முப்பது வயதுக்காரிக்கு ஐம்பது வயதுக்காரியின் உடம்புச் சூடு வந்தது. ஜனவரிக் குளிரில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு டைப் அடித்தாள். சில மாதம் வலி குறைந்தது, பிறகு மெல்லத் திரும்பியது. இதோடு இருந்து பழக வேண்டும் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

விசாரணை பாக்கி இருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, மேலே படியுங்கள். விசாரணை அதிகாரி முன் நின்று, இந்தச் சீட்டுகளில் கேஸ் என்று எழுதியது நான், அவளுக்கு இருந்தது வேறு, ஆஸ்பத்திரிக் காகிதம் இதோ என்றேன்.

“அப்போ இந்தச் சீட்டெல்லாம் பொய்யா?”

“வலி நிஜம் சார். எழுதினதுதான் பொய்.”

“வலியை நான் கேட்கலை. சீட்டு பொய்யா, இல்லையா?”

“பொய்.”

எழுதிக்கொண்டார். பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. பொய்ச் சீட்டின்மேல் எடுத்த விடுப்பு, விடுப்பு ஆகாது. ஆஸ்பத்திரிக் காகிதம் டிசம்பருக்குப் பிறகுதான் செல்லும். முந்தைய எட்டு வருஷத்துக்கு அவளிடம் சான்று என்று இருந்ததெல்லாம் என் கையெழுத்து ஒன்றுதான், அதை நானே பொய் என்று சொல்லிவிட்டேன். பதவி உயர்வு போயிற்று, அவள் வரிசையில் பின்னால் இருந்த இரண்டு பேர் மேலே போனார்கள். எனக்கு ஒரு கண்டனக் கடிதம். அதோடு சரி. என் வேலைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

உண்மையைச் சொன்னால் எல்லாம் நேராகிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முதல் நாள் சொன்னால் ஆகலாம். எட்டு வருஷம் பொய்க்குச் சோறு போட்டு வளர்த்துவிட்டு, ஒன்பதாம் வருஷம் உண்மையைக் கூட்டிக்கொண்டு போனால் அதற்கு உட்கார நாற்காலி போட மாட்டார்கள்.

அடுத்த முறை அவள் மருந்தகத்துக்கு வந்தபோது வாசலில் நாலு பேர் நின்றார்கள். சீட்டை எடுத்தேன். “என்ன எழுதட்டும்?” என்று கேட்டேன். எட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவள் நாலு பேர் காதிலும் விழும்படி சொன்னாள். எந்தத் தேதி ஆரம்பித்தது, எங்கே குத்துகிறது, எத்தனை நாளாகத் தூங்கவில்லை, வியாதியின் பெயர் என்ன, அத்தனையும். சொன்னபடியே எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். மாடியில் பொரோபாபு வழக்கம்போல் உரக்கப் படித்தாராம், ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லையாம். திருந்திவிட்டார்கள் என்று நினைத்தேன். “அதெல்லாம் இல்லை அக்கா. என்னன்னு புரியலை, அதான் சிரிக்கலை” என்றாள் சுகந்தி.

அன்று மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்குத் தெரிந்த சொலவடை ஒன்றும் அப்போது உதவவில்லை. வெறும் வார்த்தையாகத்தான் கேட்டேன்.

அவள் வெந்நீர்ப் பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

“பெஞ்சுல படுக்க வச்சு இதை வயித்துல வச்சீங்களே, அதை மறக்க மாட்டேன் அக்கா. இதையும் மறக்க மாட்டேன்.” பிறகு, “ஜமுனா மாஷி கொய் மீன்னு சொன்னாளே, ஞாபகம் இருக்கா? நான் சுவரைப் பாத்துப் படுத்திருந்தேன், கேட்டுது. கொய் மீனுக்கும் வலிக்கும் இல்லையா அக்கா?”

பையை வாங்கிக் கொக்கியில் மாட்டினேன்.

“சரி, அலமாரியைத் திறங்க” என்றாள். “மத்தவங்க சீட்டையும் எடுங்க.”

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இத்தனை நாளும் சுகந்தி ஒருத்தியைத்தான் கெடுத்தேன் என்று அழுதுகொண்டிருந்தேன்.

மூன்று வாரம், சாப்பாட்டு நேரத்தில், இருவரும் பழைய கட்டுகளைப் பிரித்தோம். டாக்டர் காட்டிய வழிதான். தொல்லையைப் படிக்காதே, தேதியைப் படி. சுகந்தி தேதி சொல்வாள், நான் காலண்டரில் வட்டம் போடுவேன். பாதிக்கு மேல் நிஜமாகவே கேஸ், கண்டபடி சிதறிக் கிடந்தது. சிலருக்குப் படி இறங்கி வந்தது. அலுவலகத்தில் இன்னும் இருந்த பெண்களிடம் மேசை மேசையாகப் போய்க் கேட்டோம். சிரித்து மழுப்பினவர்கள் உண்டு, “உனக்கு வேற வேலை இல்லையா திதி?” என்றவர்கள் உண்டு. கணக்குப் பிரிவில் ஒருத்தி கேட்டதும் அழுதுவிட்டாள். அவளை அந்தப் பெண் டாக்டரிடம் சுகந்தியே கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அவளுக்கும் அதே வியாதி.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி வந்தால் முதலில் கதவைச் சாத்துங்கள். எப்போது வரும் என்று கேளுங்கள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுங்கள். அவள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நீங்களாக ஒரு சொல்லைத் தேடாதீர்கள். மானம் போகிற இடம் மாடியில் இருந்தது. சிரிக்கிறவர்கள் வாயை மூட வைக்கத் துணிவில்லாமல், வலிக்கிறவள் வாயை மூடினேன்.

கடைசியாகக் கீழ்த்தட்டில் ஒரு மெல்லிய கட்டு கிடந்தது. மிதாலியுடையது. எழுதாமல் இருக்க முடியாதா என்று முதலில் வந்து கேட்ட அந்தப் பெண். தொண்ணூற்றேழில் உடம்பு முடியவில்லை என்று வேலையை விட்டுப் போனாள். புருஷனுக்கு மாற்றல், அசன்சோல் என்றார்கள், துர்காபூர் என்றார்கள், முகவரி யாரிடமும் இல்லை. ஆறு வருஷத்துச் சீட்டு. பழைய காலண்டர்கள் கைவசம் இல்லை. சில மாதம் படி இருந்தது, சில மாதம் இல்லை, சில சீட்டில் தேதி மையில் கரைந்திருந்தது. அந்த முதல் சீட்டுக்குப் பிறகு எல்லாவற்றிலும் ஒரே சொல்.

சுகந்தி கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இவங்களுக்கு எல்லாம் கேஸ்தானா அக்கா?”

டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்ட அதே கேள்வி. அன்று வாசலில் பியூன் நின்றான், ஒரு மூச்சில் பதில் சொன்னேன். இன்று கதவு சாத்தியிருந்தது. எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. ஒவ்வொரு சீட்டாக வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடக் கலையாமல் அவ்வளவு அழகாக எழுதியிருந்தேன்.

“தெரியலைம்மா” என்றேன்.